ரொறன்ரோவில் வளவின் ஆண்டு செப்டெம்பரில் தொடங்குகிறது

ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ முதல் வீட்டை வாங்கிக் குடிபுகும் நம்மவர்களில் பலர், ஏப்ரல் கடைசியில் பனி கரைந்து புல் சற்றே பச்சை காட்டும்போதுதான் வளவைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த வார இறுதியில் கடைக்குப் போய் விதையும் பசளையும் மண் மூட்டையும் வாங்கி வந்து, ஈரக் களிமண்ணில் இறங்கி மிதித்து, எல்லாவற்றையும் ஒரே நாளில் தூவி முடிக்கிறார்கள். ஜூலையில் புல் மஞ்சளாகிக் களை மேலோங்கும்போது, இந்த மண்ணில் ஒன்றும் வராது என்று சொல்லிவிடுகிறார்கள். நானும் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். மண்ணைவிட நாள் பார்த்ததில்தான் பிழை கூடுதலாக இருந்தது என்பது மூன்றாம் ஆண்டில்தான் விளங்கியது.

ஊரில் தோட்டம் என்றால் தண்ணீர்தான் கணக்கு. கிணறு வற்றாதவரை எந்த மாதத்திலும் ஏதாவது ஒன்றை நடலாம். இங்கே தண்ணீர் குழாயைத் திறந்தால் வருகிறது, ஆனால் அது உறையும் நாளும் உருகும் நாளுமே வளவில் எதை எப்போது செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஒன்ராறியோவின் வீட்டுப் புல்வெளிகளில் இருக்கும் கென்டக்கி புளூகிராஸ், பெரெனியல் ரைகிராஸ், ஃபெஸ்க்யூ ஆகிய மூன்றும் குளிரை விரும்பும் புற்கள். கோடை வெயிலில் அவை உறங்குகின்றன. இலையுதிர்காலத்தில் வெயில் தணிந்து, மண் மட்டும் இன்னும் கதகதப்பாக இருக்கும் ஆறேழு வாரங்களில்தான் வேரை ஆழமாக இறக்கி, அடுத்த ஆண்டுக்கான சேமிப்பைச் செய்கின்றன. ஆகையால் இந்த வழிகாட்டியை வசந்தத்திலிருந்து தொடங்காமல் ஓகஸ்ட் கடைசியிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் புல்லுக்கு அடியில் பார்க்க வேண்டும்

விதை வாங்குவதற்கு முன், புல் ஏன் கெட்டது என்று அறிந்துகொள்வது நல்லது. காய்ந்த திட்டு ஒன்றின் ஓரத்தில், ஓர் அடி நீள அகலத்துக்கு மூன்று பக்கம் மட்டும் மண்வெட்டியால் வெட்டி, பாயைச் சுருட்டுவதுபோல் புல்லைப் புரட்டிப் பாருங்கள். அரை வட்டமாக வளைந்து, பழுப்புத் தலையுடன் கிடக்கும் வெள்ளைப் புழுக்கள் ஐரோப்பிய சேஃபர் வண்டினுடையவையாகவோ ஜப்பானிய வண்டினுடையவையாகவோ இருக்கலாம். ஒன்றிரண்டு இருந்தால் கவலையில்லை. ஒரு சதுர அடியில் பத்தை நெருங்கினால் வேர் முழுவதும் அரிக்கப்பட்டிருக்கும்; வெட்டாமலேயே புல் கையோடு உரிந்து வரும். இரவில் ரக்கூனும் ஸ்கங்கும் வந்து வளவைக் கிளறிப்போட்டிருந்தால் அவற்றைத் திட்டிப் பயனில்லை. அவை இந்தப் புழுவைத் தின்னத்தான் வருகின்றன.

மருந்தடித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அழகுக்காகப் புல்வெளியிலும் தோட்டத்திலும் இரசாயனப் பூச்சிகொல்லி, களைகொல்லி இடுவதை ஒன்ராறியோ அரசு 2009 ஏப்ரல் 22 முதல் தடை செய்திருக்கிறது. தொட்டால் தோலைப் புண்ணாக்கும் பொய்சன் ஐவி போன்ற நச்சுச் செடிகளுக்கு விலக்கு உண்டு, டன்டிலயன் போன்ற சாதாரணக் களைகளுக்கு இல்லை. எல்லை தாண்டிப் போய் அமெரிக்கக் கடையில் வாங்கி வருவதும் முறையன்று. புழுவுக்கு இங்கே கிடைக்கும் வழிகளில் ஒன்று, நெமற்றோட் எனப்படும் கண்ணுக்குத் தெரியாத நுண்புழுக்கள். அவை வெண்புழுவின் உடலுக்குள் புகுந்து அதைக் கொல்லும். அவை உயிருள்ள பொருள் என்பதால், குளிர்பெட்டியில் வைத்து விற்கும் கடையில் வாங்கி, காலாவதித் திகதியைப் பார்த்து, வாங்கிய ஓரிரு நாள்களுக்குள் இட்டுவிட வேண்டும். புழு இளசாக, மேற்பரப்புக்கு அருகில் இருக்கும் ஓகஸ்ட் கடைசி முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரையான காலமே அதற்கு உகந்தது. வெயில் பட்டால் நெமற்றோட் செத்துவிடும். எனவே மாலையில், முதலில் மண்ணை நன்றாக நனைத்து, பிறகு அதைத் தெளித்து, மறுபடியும் நீர்விட்டு உள்ளே இறக்க வேண்டும். அடுத்த இரண்டு வாரங்களுக்கு மண் காயக்கூடாது. இது பலிக்கவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் நண்பகலில் காய்ந்த தரையில் தெளித்தவர்களாகவே இருப்பார்கள்.

விதைப்பு

ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் கடைசிக்குள் விதைத்து முடிப்பது உத்தமம். மண்ணில் சூடு இருப்பதால் விதை விரைவாக முளைக்கும். களைகளின் வேகம் தணிந்திருக்கும். பனி விழுமுன் நாற்று வேரூன்றிவிடும்.

புதிய குடியிருப்புகளில் பெரிய சிக்கல் மண்ணின் இறுக்கம். வீடு கட்டும்போது மேல்மண்ணைச் சுரண்டியெடுத்துவிட்டு, கனரக வாகனங்கள் ஓடி இறுகிய அடிக் களிமண்ணின்மேல் சில அங்குலம் மண்ணைப் பரப்பிப் புற்பாயை விரித்துவிடுவார்கள். நீண்ட திருகாணி முடுக்கி ஒன்றை நிலத்தில் குத்திப் பார்த்தால் தெரியும். இரண்டு அங்குலத்துக்குமேல் இறங்க மறுத்தால் வேரும் அதற்குமேல் இறங்காது. ஏரேற்றர் எனப்படும் இயந்திரத்தை அரை நாள் வாடகைக்கு எடுக்கலாம். கூர்முனையால் வெறுமனே குத்தும் வகையைத் தவிர்த்து, மண்ணை விரல் பருமனில் குழலாக வெளியே பிடுங்கிப்போடும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். குத்தும் வகை துளையைச் சுற்றியுள்ள களிமண்ணை இன்னும் இறுக்கிவிடுகிறது. முந்திய நாள் நீர்விட்டுத் தரையை இளக்கியிருந்தால் குழல்கள் மூன்று அங்குலம் வரை வரும். அவற்றை அள்ள வேண்டியதில்லை. மழையில் கரைந்து புல்லுக்குள்ளேயே இறங்கிவிடும். ஆளுக்கு ஆள் வாடகை கொடுப்பதைவிட, தெருவில் நான்கு வீட்டார் சேர்ந்து ஓர் இயந்திரத்தை எடுப்பது சிக்கனம்.

விதைப் பையின் முன்பக்கத்துப் படத்தைப் பாராமல் பின்பக்கத்து அட்டவணையைப் படியுங்கள். மலிவான கலவைகளில் ஓராண்டு ரைகிராஸ் நிறைய இருக்கும். ஐந்தாறு நாளில் பச்சையாகக் கிளம்பி மனத்தைக் குளிர்வித்துவிட்டு, முதல் குளிர்காலத்தோடு இறந்துபோகும். வெயில் விழும் முன்வளவுக்குப் புளூகிராஸ் கூடிய கலவையும், மேப்பிள் நிழலுக்கு மென் ஃபெஸ்க்யூ கூடிய கலவையும் பொருந்தும். பெரெனியல் ரைகிராஸ் ஒரு வாரத்தில் முளைக்கும், புளூகிராஸுக்கு மூன்று, நான்கு வாரங்கள்கூட ஆகலாம். ரைகிராஸ் முளைத்ததைக் கண்டு நீர்விடுவதை நிறுத்துபவர்கள் புளூகிராஸைக் கொன்றுவிடுகிறார்கள்.

புல்லை 5 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, காய்ந்ததை வாரியெடுத்து, மண் தெரியும்படி கீறிவிட்டு விதையைத் தூவ வேண்டும். அதன்மேல் கூட்டெருவை ஒரு செ.மீ. அளவுக்கு மெல்லப் பரப்பி, பலகை ஒன்றை வைத்து மிதித்தோ வெறுமனே நடந்தோ விதையை மண்ணோடு ஒட்டச் செய்ய வேண்டும். முளைக்கும்வரை நாளுக்கு இரு முறை சிறிதளவு நீர். முளைத்தபின் இடைவெளியைக் கூட்டி அளவையும் கூட்ட வேண்டும். புது நாற்று 8 செ.மீ. தாண்டிய பிறகே முதல் வெட்டு. பழைய புல்லுக்குச் செப்டெம்பர் கடைசியிலோ ஒக்டோபர் தொடக்கத்திலோ நைதரசன் கூடிய பசளையை ஒரு முறை இட்டால் போதும்; ஆண்டில் ஒரே ஒரு முறைதான் பசளை போடுவேன் என்பவர் அந்த ஒரு முறையை இப்போது போடட்டும்.

பனி விழுமுன்

இலை உதிரும் காலத்தில் வார இறுதி தோறும் இலை வாரிப் பைகளில் கட்டுவது நம் தெருக்களில் ஒரு சடங்காகிவிட்டது. அதில் பாதி வேலை தேவையற்றது. காய்ந்த இலைகளின்மேல் புல் வெட்டும் இயந்திரத்தை இரண்டு முறை ஓட்டினால் அவை நாணயம் அளவுத் துண்டுகளாகிப் புல்லுக்குள் விழுந்து மக்கிவிடும். புல்லின் நுனி தெரியாத அளவுக்கு மூடினால் மட்டும் மிகுதியை வாரி, செடிகளுக்கு அடியில் போர்வையாகப் போடலாம். அதற்கும் மிஞ்சியதைக் காகிதப் பையில் கட்டி வைத்தால் மாநகரசபை எடுத்துக்கொள்ளும்; பிளாஸ்ரிக் பையை எடுக்கமாட்டார்கள். முழு இலையை அப்படியே விட்டால் பனியின் கீழ் நனைந்த பாயாகப் படிந்து, வசந்தத்தில் சாம்பல் நிறப் பூஞ்சணத்தைக் கொண்டுவரும். புல்லை நீளமாக விட்டாலும் அதே கதைதான். ஆகவே ஆண்டு முழுவதும் 7 முதல் 8 செ.மீ. வரை வைத்திருக்கும் புல்லைக் கடைசி வெட்டில் 5 அல்லது 6 செ.மீ. ஆக்கிவிடுங்கள்.

ஒக்டோபர் நடுப்பகுதி உள்ளி (வெள்ளைப்பூண்டு) நடும் காலம். கடையில் சமையலுக்கு வாங்கும் உள்ளி பெரும்பாலும் இந்தக் குளிருக்குப் பழகாதது. உள்ளூர் விவசாயியிடம் நடுத்தண்டு கடினமான வகையை வாங்கி, பல் பிரித்து, கூர்முனை மேலே இருக்க, இரண்டு அங்குல ஆழத்தில் ஆறு அங்குல இடைவெளியில் ஊன்றி, மேலே வைக்கோலோ இலையோ போர்த்த வேண்டும். அது குளிர்காலம் முழுவதும் மண்ணுக்குள் கிடந்து, ஜூலை நடுவில் கீழ் இலைகள் காயும்போது பிடுங்கத் தயாராகும். ரியூலிப், டஃபடில் கிழங்குகளுக்கும் இதே காலம்தான். அணில் ரியூலிப்பைத் தோண்டித் தின்னும். டஃபடில் நச்சுள்ளது என்பதால் தொடாது.

அந்த ஆண்டு நட்ட மரங்களுக்கும், சீடர் (cedar) எனப்படும் ஊசியிலைச் செடிகளாலான வேலிக்கும், நிலம் உறையும்வரை, அதாவது நவம்பரிலும், வாரம் ஒரு முறை ஆழமாக நீர்விட வேண்டும். ஊசியிலைச் செடிகள் குளிரைவிடத் தாகத்தால்தான் இறக்கின்றன: பெப்ரவரி வெயிலும் காற்றும் இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்ச, உறைந்த நிலத்திலிருந்து வேரால் ஒரு துளியும் எடுக்க முடிவதில்லை. காற்று அடிக்கும் பக்கத்தில் தடிகளை ஊன்றிச் சணல் சாக்கை மறைப்பாகக் கட்டலாம். செடியையே மூட்டைபோல் இறுகக் கட்டுவதோ பிளாஸ்ரிக்கால் மூடுவதோ கேடு. இளம் பழ மரங்களின் அடியில், பனி மட்டத்துக்கு மேல் வரும்படி, கம்பிவலையைச் சுற்ற வேண்டும். முயல் பனிமேல் ஏறி நின்று பட்டையைக் கடிக்கும் என்பதை மறந்து ஒரு முழம் உயரத்துக்கு மட்டும் சுற்றியவர்கள், மார்ச்சில் அதற்குச் சற்று மேலே மரம் வளையமாக உரிந்திருப்பதைக் காண்கிறார்கள்.

கறிவேப்பிலையை மறந்துவிடவில்லை. இரவு வெப்பநிலை 10 பாகைக்கு இறங்குமுன் சாடியை உள்ளே எடுக்க வேண்டும்; அது பெரும்பாலும் செப்டெம்பர் நடுப்பகுதியிலேயே வந்துவிடும். எடுக்குமுன் இலையின் அடிப்பக்கத்தைச் சவர்க்கார நீரால் கழுவாவிட்டால் பூச்சியும் கூடவே குடிவரும். தெற்கு யன்னலோரம் வைத்து, மேல்மண் காய்ந்த பிறகே நீர்விடுங்கள். ஜனவரியில் இலை கொட்டினால் அது உறங்குகிறது என்று பொருள்; இரக்கப்பட்டு நீரை ஊற்றி வேரை அழுகவிடக்கூடாது.

இனி வெளிக் குழாய். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஓர் ஆண்டு நவம்பரில் உள் வால்வை மூடிவிட்டேன், ஆனால் வெளியே ரப்பர்க் குழாயைக் கழற்றவில்லை. அதற்குள் நின்ற நீர் வெளியேற வழியின்றிச் சுவருக்குள் இருந்த செப்புக் குழாயிலேயே உறைந்து விரிந்தது. நீர் உறையும்போது கொள்ளளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். செப்பு அதைத் தாங்காது. குளிர்காலம் முழுவதும் ஒரு சலனமும் இல்லை. ஏப்ரலில் வால்வைத் திறந்து வெளியே போய்ப் பூப்பாத்திக்கு நீர்விட்டுக்கொண்டிருந்தபோது, நிலக்கீழ் அறையிலிருந்து மகள் கூப்பிட்டாள். சுவர்க் காகிதம் ஊதிப் பலூன்போல் நின்றது. வெடிப்பு ஒரு நெல்மணி நீளம்தான் இருந்தது. முறை இதுதான்: ரப்பர்க் குழாயைக் கழற்றுங்கள், உள்ளே வால்வை மூடுங்கள், வெளிக் குழாயைத் திறந்து நீரை வடியவிடுங்கள், உள் வால்வின் பக்கத்தில் இருக்கும் சிறு மூடியைத் திருகித் திறந்து, மிஞ்சியதை ஒரு கோப்பையில் பிடித்துவிட்டு மூடுங்கள், வெளிக் குழாயைக் குளிர்காலம் முழுவதும் திறந்தபடியே விடுங்கள்.

உப்பும் பனிக் குவியலும்

டிசம்பர் முதல் மார்ச் வரை வளவில் வேலையில்லை என்பது உண்மையன்று. அந்த நான்கு மாதங்களில் பனியை எங்கே குவிக்கிறோம், எவ்வளவு உப்பைத் தூவுகிறோம் என்பதைப் பொறுத்தே வாகனப் பாதையின் ஓரத்துப் புல் மே மாதத்தில் இருக்கும் அல்லது இருக்காது. உப்பு வேரின் ஈரத்தை இழுத்துக்கொள்வதோடு, களிமண்ணின் அமைப்பையும் குலைத்து, அதைச் சீமெந்துபோல் இறுக்கிவிடுகிறது. முதலில் சவளால் வழித்தெடுத்த பிறகு, மிஞ்சிய மெல்லிய பனிக்கட்டிக்குத்தான் உப்பு. இருபதடி நீளமான வாகனப் பாதைக்கு ஒரு பெரிய கோப்பிக் கோப்பை அளவு போதுமானது. நாம் வாளிக் கணக்கில் கொட்டுகிறோம். வெப்பநிலை -10 பாகைக்குக் கீழே போய்விட்டால் சாதாரண உப்பு ஏறத்தாழ வேலை செய்வதில்லை, அந்நாள்களில் மணலைத் தூவினால் காலுக்குப் பிடிமானமாவது கிடைக்கும். உப்புக் கலந்த பனியைச் சீடர் வேலியின் அடியில் குவிக்காதீர்கள். வீதிக்குத் தள்ளுவது சட்டப்படி குற்றம். சீடரின் கிளைகள் ஈரப்பனியால் வளைந்திருந்தால் விளக்குமாற்றால் கீழிருந்து மேலாக மெல்லத் தட்டிவிடலாம். பனிக்கட்டியால் மூடப்பட்டிருந்தால் தொடாமல் விடுங்கள், தட்டினால் கிளையே முறியும்.

வசந்தத்தில் பொறுமை

ஏப்ரலில் செய்ய வேண்டியவற்றில் முதன்மையானது, ஒன்றும் செய்யாமலிருப்பது. ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் உருட்டுங்கள்; உருண்டையாக நின்றால் இன்னும் இறங்கக்கூடாது, விரலால் தொட்டதும் உதிர்ந்தால் இறங்கலாம். ஈரக் களிமண்ணில் ஒரு நாள் நடந்து இறுக்கியதை இளக்க இலையுதிர்காலம்வரை காத்திருக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த திட்டுகளை மெல்ல வாரிக் கலைத்தால் காற்றுப்பட்டு அதுவாகவே ஆறும். உப்புப் பட்ட ஓரங்களுக்கு, நிலம் உருகியதும் நீரைப் பலமுறை ஆழமாக விட்டு உப்பைக் கீழே கழுவ வேண்டும். பழைய செடித் தண்டுகளை நாள்கள் தொடர்ந்து 10 பாகையைத் தொடும்வரை வெட்டாதீர்கள். அவற்றின் துளைகளில் தேனீக்கள் உறங்குகின்றன. லைலக்கையும் ஃபோர்சித்தியாவையும் பூத்து முடிந்த பிறகே கத்தரிக்க வேண்டும், முன்னதாக வெட்டினால் அந்த ஆண்டின் பூவையே வெட்டியவர் ஆவீர்கள்.

மே 24ஐ ஒட்டி வரும் விக்டோரியா நாள் விடுமுறைக்கு முன் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகளை வெளியே நட வேண்டாம். மே தொடக்கத்தில் 20 பாகை வெயிலைக் காட்டிவிட்டு, அடுத்த வாரம் ஒரே இரவில் உறைபனி எல்லாவற்றையும் கருக்கிவிடும். வீட்டுக்குள் வளர்த்த நாற்றை ஒரு வாரம் பகலில் மட்டும் வெளியே வைத்து, வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்கிய பிறகு நடுவது நல்லது. மரமோ பல்லாண்டுச் செடியோ வாங்கும்போது அட்டையில் உள்ள வலய எண்ணைப் பாருங்கள். எண் குறையக் குறையக் குளிரைத் தாங்கும் வலு கூடும். ரொறன்ரோ வட்டாரத்துக்கு 5 அல்லது அதற்குக் கீழான எண் அச்சமற்றது. வெளியே சாடியில் வைப்பதானால் இன்னும் இரண்டு எண் குறைத்து வாங்க வேண்டும். சாடியின் பக்கங்கள் வழியே குளிர் வேரை நேராகத் தாக்கும்.

வேலிக்கால் நடவோ மரத்துக்குக் கிடங்கு வெட்டவோ முதல் வேலை ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) எனப்படும் நிறுவனத்துக்கு அறிவிப்பது. நிலத்தடியில் எரிவாயு, மின்சாரக் கம்பிகள் ஓடும் இடத்தை இலவசமாக வந்து நிறமிட்டுக் காட்டுவார்கள். அறிவிக்காமல் தோண்டுவது சட்டத்துக்கு மாறானது. தென் ஒன்ராறியோவில் உறைபனி நான்கு அடி வரை இறங்கும் என்பதால் வேலிக்கால் அந்த ஆழத்துக்குப் போக வேண்டும். இல்லையேல் உறையும் மண் ஒவ்வோர் ஆண்டும் அதைச் சிறிது சிறிதாக மேலே தூக்கிச் சாய்த்துவிடும். இன்ரர்லொக் கல் பதிப்பிப்பவரிடம் கல்லின் நிறத்தைக் கேட்பதற்கு முன், அடியில் சரளைக்கல் எத்தனை அங்குலம் போட்டு இறுக்குவார் என்று கேளுங்கள். நடைபாதைக்கு ஆறு அங்குலத்துக்கும் வாகனப் பாதைக்குப் பன்னிரண்டுக்கும் குறைவாகச் சொல்பவரை விட்டுவிடலாம். தளம் வீட்டிலிருந்து வெளிப்புறமாக, ஓரடிக்குக் கால் அங்குலம் சரிய வேண்டும். பீலிக் குழாயின் வாயும் அத்திவாரத்திலிருந்து ஆறடி தள்ளி நீரை விட வேண்டும். மரத்தை வெட்டுவதானால், ரொறன்ரோ நகர எல்லைக்குள் 30 செ.மீ. விட்டமும் அதற்கு மேலும் உள்ள மரத்துக்கு, அது உங்கள் வளவில் நின்றாலும், மாநகரசபையின் அனுமதி வேண்டும். வீதியோரத்து மரம் எப்போதும் அவர்களுடையது.

கோடையில் எளிய வேலைகளே மிச்சம். ஒரு வெட்டில் புல்லின் மூன்றிலொரு பங்குக்குமேல் வெட்டாமல், வெட்டியதை அங்கேயே விடுங்கள். அது இலவசப் பசளை. விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் யாரிடமாவது புல்வெட்டச் சொல்லிவிட்டுப் போவது நல்லது, ரொறன்ரோவில் புல் 20 செ.மீ.க்குமேல் வளர்ந்தால் மாநகரசபையின் கடிதம் வரும். வாரத்துக்கு ஓர் அங்குலம் நீர், அதுவும் அதிகாலையில். வெறும் தகரப் பேணி ஒன்றைப் புல்லில் வைத்து அளந்துகொள்ளலாம். அதற்கு மனமோ நீர்க் கட்டணமோ இடந்தராவிட்டால் முற்றாக உறங்க விட்டுவிடுங்கள். நான்கைந்து வாரம் காய்ந்து வைக்கோல் நிறமானாலும் புல்லின் அடிக்குருத்து உயிரோடிருக்கும். நாளொரு தெளிப்பாக அரைகுறையாக நனைத்து, எழுப்பி எழுப்பித் தூங்கவைப்பதுதான் அதைக் கொல்லும். ஓகஸ்ட் மூன்றாம் வாரத்தில் இரவு குளிரத் தொடங்கும். அப்போது மண்வெட்டியை எடுத்துக் காய்ந்த திட்டின் ஓரத்தில் மூன்று பக்கம் வெட்டி, மறுபடியும் புரட்டிப் பாருங்கள்.